நோயாளியின் இரகசியமும் நமது சட்டமும்

2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்குப் பாடசாலையில் இடம் கிடைக்காமல் போனது பலருக்கு நினைவிருக்கும். அவனுடைய தகப்பன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று ஊரில் ஒரு கதை பரவியது. பிள்ளைக்கும் அது இருக்கும் என்று மற்றப் பெற்றோர் முடிவு கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப மறுத்தார்கள். அந்தச் சிறுவனுக்கு எச்.ஐ.வி. தொற்று இல்லை. பரிசோதனை அறிக்கை அதைத் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் பிள்ளைகளுக்கும் கல்வி கற்க மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டென்பது அதே வருடம் ஏப்ரலில் உறுதியானது.

கல்வி உரிமையைப் பற்றிய தீர்ப்பு என்றுதான் இதை எல்லாரும் பேசினோம். ஓர் ஆசிரியையாக நானும் அப்படித்தான் வகுப்பறையில் பேசினேன். ஆனால் இந்தச் சம்பவத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. தகப்பனுக்கு என்ன நோய் என்று ஊருக்குச் சொன்னது யார்? நான் வாசித்த செய்திகளில் அந்தக் கேள்வி பெரிதாக எழவேயில்லை. வதந்தியை மறுப்பதற்காக ஒரு சின்னப் பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவை நாடே அறியும்படி சொல்ல வேண்டியும் வந்தது. இரகசியம் ஒருமுறை உடைந்தால், அதைச் சரிசெய்யவும் இரகசியத்தைத்தான் மேலும் உடைக்க வேண்டியிருக்கிறது.

நோயாளியின் இரகசியத்தைக் காக்க நம் நாட்டில் சட்டம் உண்டா? உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒட்டுப்போட்ட சாரம் மாதிரி பல துண்டுகளாக இருக்கிறது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் பட்டியலில் அந்தரங்கத்துக்கான உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. இந்தியாவில் 2017 ஓகஸ்டில், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதியரசர்கள் அதை அடிப்படை உரிமை என்று ஏகமனதாகச் சொன்னார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. 2015 இல் 19 ஆவது திருத்தத்தோடு வந்த 14அ உறுப்புரையில் அந்தரங்கம் என்ற சொல் வருகிறது. அதுவும், தகவல் பெறும் உரிமையை மட்டுப்படுத்தலாம் என்பதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான்.

அந்த உறுப்புரையைத் தொடர்ந்து வந்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. அரச நிறுவனம் எதுவானாலும் தகவல் கேட்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, 5 ஆம் பிரிவில் சில கதவுகளை மூடுகிறது. அதில் ஒன்று மருத்துவப் பதிவேடுகள். சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தந்தாலன்றி ஒருவருடைய மருத்துவப் பதிவை மற்றவருக்குக் கொடுக்க ஆஸ்பத்திரி மறுக்கலாம். வாயால் சொன்ன சம்மதம் போதாது, எழுத்து வேண்டும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். "அவர்ட மச்சான்தான், குடுங்க" என்பது அந்தச் சட்டத்தில் செல்லாது.

அடுத்தது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற 2022 மார்ச்சில் சத்தமில்லாமல் நிறைவேறிய சட்டம் இது. நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது தனிப்பட்ட தகவல்களை இரண்டு தட்டாகப் பிரிக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் போன்றவை சாதாரணத் தட்டு. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் போன்றவை விசேட வகை. இந்த விசேட வகைத் தகவலைத் திரட்டவோ வைத்திருக்கவோ பகிரவோ சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். சம்மதம் ஒரு காரணம். சிகிச்சைக்காக, இரகசியம் காக்கும் கடப்பாடுள்ள வைத்தியத் துறையினர் கையாள்வது இன்னொரு காரணம். தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டறியவும், பிழை இருந்தால் திருத்தச் சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் வந்தது. நமக்கு உண்மையில் தேவையான முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் வரும் என்றார்கள். பிறகு அந்தத் திகதி தள்ளிப்போடப்பட்டது. அதே வருடம் திருத்தச் சட்டமும் வந்தது. நிறுவனங்கள் ஆயத்தமாகவில்லை என்பது காரணம். நோயாளிகள் எவ்வளவு காலமாக ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தப் புதிய சட்டங்களுக்கெல்லாம் முன்பிருந்தே ஒரு பழைய வழி இருக்கிறது. நமது பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டம். ஒருவருடைய மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் வேண்டுமென்றே தீங்கு செய்தால் நட்டஈடு கேட்டு வழக்காடலாம் என்பது அதிலுள்ள கொள்கை. தென்னாபிரிக்காவிலும் இதே உரோம-டச்சு வேர்தான். அங்கே நடந்த ஒரு வழக்கு மருத்துவ மாணவர்களுக்கு உலகெங்கும் பாடமாகச் சொல்லப்படுகிறது. மக்கியரி என்பவர் காப்புறுதிக்காகத் தன் குடும்ப வைத்தியரிடம் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார். தொற்று இருந்தது. இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வைத்தியரும் சம்மதித்தார். அடுத்த நாள் கோல்ஃப் விளையாடும்போது அந்த வைத்தியர் கூட விளையாடிய ஒரு வைத்தியரிடமும் ஒரு பல் வைத்தியரிடமும் அதைச் சொன்னார். சின்ன ஊர். கதை பரவிவிட்டது. மக்கியரி வழக்குப் போட்டார். விசாரணை முடியுமுன்பே இறந்துபோனார். அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் வழக்கைத் தொடர்ந்தார்கள். 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வைத்தியர் செய்தது பிழை என்று தீர்ப்பளித்து 5,000 ராண்ட் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தொகை பெரிதல்ல. ஆனால் கேட்டவர்களும் வைத்தியர்கள்தானே, தொழில் வட்டத்துக்குள்தானே பேசினோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. அந்த நோயாளியின் சிகிச்சையில் பங்கில்லாத வைத்தியரும் வெளியாள்தான்.

இலங்கையில் இப்படி வழக்குப் போட வழி உண்டு என்றாலும் போடுவதற்குக் காசும் காலமும் வேண்டும். இலகுவான வழி இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்வது. மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வைத்தியரின் பதிவையே நீக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நமது 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்கும் அவருடைய கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சைப் பாதுகாக்கிறது. கணவன் மனைவி பேச்சையும் பாதுகாக்கிறது. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றம் கேட்டால் வைத்தியர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இனி டிக்கோயாவுக்கு வருவோம். கொழும்பில் எழுதப்படும் சட்டம் மலையேறி இங்கே வரும்போது என்னவாகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

தோட்டங்களில் வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று முதலில் சட்டம் வந்தது 1872 இல். மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று பெயர். நல்ல நோக்கம்தான். ஆனால் மருந்துக்குச் செலவழிப்பவர் தோட்டத்துரை, மருந்து கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் அவரே என்றானது. தொழிலாளியின் உடம்பு ஆரம்பத்திலிருந்தே தோட்டக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டது. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் இந்த அமைப்பு முழுதாக மாறவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவரைச் சனங்கள் "டாக்டர் ஐயா" என்கிறார்கள். அவர் பெரும்பாலும் கம்பனியின் ஊழியர். யார் இன்று வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை, எந்தப் பெண் எத்தனை மாதம் கர்ப்பம், யாருக்கு இலேசான வேலை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் செக்ரோலுக்குத் தேவைப்படும் விபரங்கள். அதே விபரங்கள் நோயாளியின் இரகசியமும்கூட. ஒரே மனிதர் இரண்டு பக்கமும் கடமைப்பட்டவராக நிற்கிறார். இது அவருடைய குற்றமல்ல, அவரை அப்படி நிறுத்திய ஏற்பாட்டின் குறை. புதிய சட்டத்தின்படி பார்த்தால், வேலைக்குத் தகுதியா இல்லையா என்பதை மட்டுந்தான் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்லலாம், நோயின் பெயர் அங்கே போகத் தேவையில்லை என்பது என் வாசிப்பு.

பெரிய நோய் என்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகிறோம். இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை. 2017 மே 12 இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்தார். அன்று நோர்வூட்டில் கூடிய கூட்டத்தை நானும் பார்த்தேன். கட்டடம் வந்தது பெரிய காரியம். ஆனால் மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில், பொதுவாகவே சொல்கிறேன், இரகசியம் உடையும் இடம் பதிவேடு அல்ல, மொழி. வைத்தியர் சிங்களம் பேசுபவர். நோயாளி தமிழ் மட்டும் தெரிந்த கொழுந்து பறிக்கும் பெண். இடையில் யார்? சில வேளை தமிழ் தெரிந்த தாதி. சில வேளை கூட்டித் துடைக்கும் ஊழியர். சில வேளை வரிசையில் பின்னால் நிற்கும் இன்னொரு நோயாளி. அதிகமான நேரம் சொந்தப் பிள்ளை. சிங்களம் நன்றாகப் படித்த என் மாணவி ஒருத்தி மாதத்தில் ஒருநாள் பாடசாலைக்கு வராமலிருந்தாள். காரணம் கேட்டேன். "அம்மா கிளினிக்குக்குப் போறாங்க டீச்சர், நான்தான் பேசணும்" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தாயின் மாதவிடாய்க் கோளாறை அந்நிய ஆண் வைத்தியரிடம் மொழிபெயர்க்கிறது. தாய் பாதியை விழுங்கிவிடுவாள். விழுங்கிய பாதியில்தான் நோய் இருக்கும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியத்துக்கு நான்கு அங்கம் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர். பத்தாம் வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த நான்காவது ஆளை நாம் சும்மா கடந்துபோவது வழக்கம். நமது சட்டங்களும் அப்படித்தான் கடந்துபோகின்றன. வைத்தியருக்கு மருத்துவ சபை இருக்கிறது. நிறுவனத்துக்குத் தரவுச் சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பாளருக்கு எதுவும் இல்லை. அரச அலுவலகத்தில் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அந்த உரிமை ஒழுங்காகக் கிடைத்தால் பாதி இரகசியம் தானாகவே காப்பாற்றப்படும். மொழியுரிமையும் மருத்துவ இரகசியமும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் ஒருநாள் கிளினிக் வரிசையில் நின்று பார்க்கட்டும்.

நமது மார்க்கத்தில் இதற்கு இடம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி மருத்துவ இரகசியம் பற்றித் தனியாக ஒரு தீர்மானம் எடுத்தது. அதன் 79 ஆம் தீர்மானம். நோயாளி சொன்னது அமானிதம், அதை வெளியிடுவது அடிப்படையில் கூடாது, மறைப்பதால் வரும் தீங்கு வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பெரிதாக இருக்கும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு என்பது அதன் சாரம். இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் ஒருவரைப் பற்றிப் பின்னால் பேச அனுமதியுள்ள இடங்கள் ஆறு என்று வகுத்தார். கலியாணப் பேச்சில் ஆலோசனை கேட்பவருக்கு உண்மை சொல்வது அதில் அடங்கும். நமது ஆட்கள் இந்த அனுமதியை நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள், மூலச்சட்டம் கூடாது என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

கலியாணம் என்றதும் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். நாகாலாந்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர், சென்னையிலுள்ள தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் உறவினரின் சத்திரசிகிச்சைக்காக இரத்தம் கொடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அப்போது தெரியவந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வெளியே போனது. 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய கலியாணம் நின்றது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் வெளியேறினார். நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1998 இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மணமகளாக வரவிருந்த பெண்ணுக்குத் தன் உயிரைக் காத்துக்கொள்ள அறியும் உரிமை உண்டு என்றது. அத்தோடு நிற்காமல், இப்படிப்பட்டவர்களின் மணம் முடிக்கும் உரிமையே இடைநிறுத்தப்படுகிறது என்றும் சொல்லிவிட்டது. 2002 இல் அதே நீதிமன்றம், அந்தக் கருத்து வழக்குக்குத் தேவையற்றது என்று ஒதுக்கியது. 2017 இல் இந்தியா எச்.ஐ.வி. சம்பந்தமாகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் ஒருவரின் தொற்று நிலையை வெளியிடக் கூடாது. ஆபத்திலிருக்கும் துணைவருக்குத் தெரிவிக்க வேண்டி வந்தால் அதற்கும் ஒழுங்குமுறை உண்டு.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னது சரிதான் என்பது என் கருத்து. ஊருக்குச் சொன்னது சரியல்ல. ஒருவருக்குச் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றல்ல என்ற வித்தியாசத்தை அந்த முதல் தீர்ப்பு போதிய அளவு பார்க்கவில்லை.

தொற்றுநோய் வந்தால் இரகசியம் பார்க்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சில நோய்களை வைத்தியர் அறிவித்தே ஆக வேண்டும். அறிவிப்பது சுகாதார வைத்திய அதிகாரிக்கு. அங்கிருந்து பி.எச்.ஐ. வீடு தேடி வருவார். சங்கிலி அங்கே முடிய வேண்டும். 2020 இல் முடியவில்லை. மார்ச் இறுதியில் அக்குறணையும் அட்டுலுகமவும் முடக்கப்பட்டபோது சில ஊடகங்கள் நோயாளியின் பெயரைச் சொல்லாமல் அவருடைய இனத்தைச் சொன்னார்கள். நோயாளி ஒரு ஆள் அல்ல, ஒரு சமூகம் என்று ஆக்கினார்கள். தரவுச் சட்டம் இனம், மதம் இரண்டையும் உடல்நலத்தோடு ஒரே விசேட வகையில் ஏன் வைத்தது என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அந்த மாதங்களைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. பிறகு 2020 ஏப்ரல் 11 இல் கட்டாயத் தகன வர்த்தமானி வந்தது, 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இதெல்லாம் நாம் அறிந்தது. அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டிலேயே கொத்தமல்லி குடித்துக்கொண்டு கிடந்தவர்களை எனக்கே தெரியும். பரிசோதனை முடிவு தன்னோடு நிற்காது என்று தெரிந்தால் சனங்கள் பரிசோதனைக்கே போகமாட்டார்கள். இரகசியம் காப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகை மட்டுமல்ல, தொற்றைக் கட்டுப்படுத்தவும் அதுதான் வழி.

அரசாங்கத்தையும் ஊடகத்தையும் சொல்லிவிட்டு நம் வீட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. உதவி கேட்டு வரும் வட்ஸ்அப் செய்திகளைப் பாருங்கள். நோயாளியின் படம், கட்டிலில் படுத்த கோலம், பெயர், ஊர், வங்கிக் கணக்கு இலக்கம், அதற்கு மேல் ஆஸ்பத்திரி கொடுத்த நோய் நிர்ணய அட்டையின் படம். தேசிய அடையாள அட்டை இலக்கமும் தெரியும். நல்ல நோக்கத்தோடுதான் அனுப்புகிறோம். காசும் சேர்கிறது. ஆனால் சுகமாகி வந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். கருப்பை எடுத்த இளம் பெண்ணின் அட்டையை இப்படி மூன்று வருடம் கழித்து ஒரு குழுவில் நான் கண்டேன். அதற்குள் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தரவுச் சட்டம் ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவல் கையாள்வதை விட்டுவிடுகிறது. தம்பிக்கு அக்கா அனுப்பும் செய்தி அதற்குள் அடங்கும். ஆனால் பள்ளிவாசல் நிர்வாக சபை விண்ணப்பப் படிவமும் வைத்திய அறிக்கையும் வாங்கிக் கோவையில் வைப்பது வீட்டுத் தேவையல்ல. ஸகாத் குழுவுக்கும், நலன்புரிச் சங்கத்துக்கும், ஏன் பாடசாலைக்கும் இது பொருந்தும் என்றே நான் சட்டத்தை விளங்கிக்கொள்கிறேன். பிள்ளை வராத நாளுக்குப் பெற்றோர் எழுதும் கடிதத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. "வயித்தோட்டமாம், அதான் வரல்ல" என்றதும் முப்பது பிள்ளைகள் சிரிக்கும். வயிற்றோட்டம் என்றால் சிரிப்போடு போய்விடும். வலிப்பு என்றால்?

என் கணவர் இருக்கும் ஜமாஅத்தில் சென்ற வருடம் ஒரு சின்ன ஒழுங்கு செய்தார்கள். வைத்திய அறிக்கைகளை இரண்டு பேர் மட்டும் பார்ப்பது. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற மருந்தாளர். பார்த்ததும் உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது, பிரதி வைப்பதில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிக்கும்போது "நமது ஊர்ச் சகோதரர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை, ஆவணங்களை நிர்வாகம் பார்த்து உறுதிசெய்திருக்கிறது" என்று மட்டும் சொல்வது. பெண் நோயாளி என்றால் அறிக்கையைப் பார்ப்பது ஒரு பெண் ஆசிரியை. முதல் தடவை சிலர் முணுமுணுத்தார்கள். யாரென்று தெரியாமல் எப்படிக் காசு போடுவது என்று கேட்டார்கள். தலைவர், பெட்டி வாசலில் இருக்கிறது, போட விருப்பமில்லாதவர்கள் போடத் தேவையில்லை என்று சொன்னார். அன்று சேர்ந்த தொகை வழமையைவிடச் சற்றுக் குறைவு. இரண்டாம் தடவை குறையவில்லை.